முன்பணம் எந்தக் கணக்கிற்குப் போகிறது?

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குன்றத்தூர் பக்கம் கட்டப்படவிருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு படுக்கையறை கொண்ட வீடு ஒன்றை முன்பதிவு செய்து, அதற்கு முன்பணமாக 13,60,000 ரூபாய் கொடுத்தேன். அந்த வீடு என் பெயருக்கு வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை. கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார்; நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. எனவே வீடு பார்த்தது, பணம் கட்டியது, பிறகு அந்தப் பணத்திற்காக அலைந்தது எல்லாம் நான் ஒருத்திதான். அந்த நாட்களில் எனக்கு வேண்டியிருந்த விவரங்களை யாரும் ஒரே இடத்தில் சொல்லவில்லை. புதிதாகக் கட்டும் வீட்டிற்கு முன்பணம் கொடுக்கவிருப்பவர்கள், கொடுப்பதற்கு முன்பே இதைப் படித்துவிட வேண்டும் என்று மனதார விரும்பி எழுதுகிறேன்.

நாங்கள் வளசரவாக்கத்தில் பல ஆண்டுகளாக வாடகைக்கு இருந்தோம். மகள் பத்தாம் வகுப்பிற்கு வருவதற்குள் சொந்த வீட்டிற்குப் போய்விட வேண்டும் என்பது எங்கள் எண்ணம். விலை எங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த இடங்கள் போரூருக்கு அப்பால்தான் இருந்தன. நான் பார்த்த திட்டத்தில் ஏ, பி, சி என்று மூன்று பிளாக்குகள். ஏ பிளாக்கில் ஐந்தாவது தளம் வரை கான்கிரீட் போட்டிருந்தார்கள். மாதிரி வீடு தயாராக இருந்தது. வண்ணக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின், அதாவது எல்லோரும் ரெரா என்று சொல்லும் ஆணையத்தின், பதிவு எண் அச்சிடப்பட்டிருந்தது. அந்த எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயரும் ஊரின் பெயரும் சரியாக வந்தன. எனக்குக் காட்டப்பட்ட வீடு சி பிளாக்கில் இருந்தது. அங்கே அப்போது வெறும் மண்தான். முன்வெளியீட்டுச் சலுகை என்று சொல்லி, சதுர அடிக்கு 300 ரூபாய் குறைத்து, மொத்த விலை 68 லட்சம் என்று எழுதித் தந்தார்கள். தை மாதத்திற்குள் டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பவர்களுக்கு மட்டுமே இந்த விலை என்று விற்பனை மேலாளர் சொன்னார்.

முதலில் 2 லட்சம் கொடுத்தேன். அதன் பிறகு மார்ச் மாத இறுதிக்குள் மொத்தம் 20 விழுக்காடு கட்டினால்தான் சலுகை விலை நிலைக்கும் என்றார்கள். அம்மா தம் வைப்புத் தொகையிலிருந்து 3 லட்சம் எடுத்துக் கொடுத்தார். என் நகைகளை அடகு வைத்து 5 லட்சம் வாங்கினேன். மீதி எங்கள் சேமிப்பு. இவையன்றி 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. என்று 68,000 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார்கள். வீட்டின் விலை 50 லட்சத்திற்கு மேல் என்பதால், விற்பவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தொகையிலும் 1 விழுக்காடு டி.டி.எஸ். பிடித்து வருமான வரித் துறைக்கு நாம்தான் கட்ட வேண்டும், அதையும் கட்டினேன். இத்தனைக்கும் கைக்கு வந்தவை சில ரசீதுகளும் ஒதுக்கீட்டுக் கடிதம் என்ற இரண்டு பக்கத் தாளும் மட்டுமே. விற்பனை ஒப்பந்தம் எப்போது என்று கேட்டபோதெல்லாம், வழக்கறிஞர் தயார் செய்துகொண்டிருக்கிறார் என்ற பதிலே வந்தது.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, எழுத்து மூலமான விற்பனை ஒப்பந்தத்தைச் செய்து அதைப் பதிவும் செய்யாமல், வீட்டின் விலையில் 10 விழுக்காட்டிற்கு மேல் ஒரு ரூபாய்கூட முன்பணமாகவோ விண்ணப்பக் கட்டணமாகவோ கட்டுநர் வாங்கக் கூடாது. 68 லட்சம் விலையுள்ள வீட்டிற்கு அந்த எல்லை 6,80,000 ரூபாய். என்னிடம் அதைப் போல இரு மடங்கு வாங்கியிருந்தார்கள். சலுகை, வரிசை எண், விருப்பப்பட்ட தளம் என்று எந்தக் காரணத்தைச் சொன்னாலும், 10 விழுக்காட்டைத் தாண்டும் தொகையை ஒப்பந்தம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பிறகே தருவேன் என்று சொல்லிவிடுங்கள். பதிவு செய்த ஒப்பந்தத்தினால் இன்னொரு பயனும் உண்டு. அது அந்தச் சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் ஏறிவிடுவதால், அதே வீட்டை வேறொருவருக்கு விற்பது எளிதல்ல. பதிவாகாத தாளை நம்பியிருப்பவருக்கு அந்தக் காவல் இல்லை.

ஜூன் மாதத்தில் வீட்டுக் கடனுக்காக வங்கியை அணுகினேன். வங்கியின் வழக்கறிஞர் கேட்ட, நிலத்தின் முந்தைய உரிமையைக் காட்டும் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) வழங்கிய திட்ட அனுமதி ஆகியவற்றின் நகல்களைக் கட்டுநரிடமிருந்து பெறுவதற்கே பல வாரங்கள் ஆயின. அவற்றைப் பார்த்த வழக்கறிஞர் எழுதிய கருத்துரைதான் எனக்கு முதல் இடி. கையேட்டில் இருந்த ரெரா பதிவு எண் ஏ, பி பிளாக்குகளுக்கு மட்டுமே உரியது. சி பிளாக் இரண்டாம் கட்டம். அதற்குத் தனிப் பதிவு வாங்கப்படவில்லை. அந்த நிலமும் வேறு சர்வே எண்ணில் இருந்தது. நில உரிமையாளரின் வாரிசுகளிடமிருந்து, அவர்கள் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரத்தைக் கட்டுநர் வாங்கியிருந்தார். ஆனால் வாரிசுகளில் ஒருவர் அதில் கையெழுத்திடவே இல்லை. வங்கி கடன் தர மறுத்துவிட்டது. அன்று மாலை கிளையிலிருந்து வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் என் மனதில் இல்லை.

பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றால் போதாது என்பதை இதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். கட்டம் கட்டமாகக் கட்டப்படும் திட்டத்தில் ஒவ்வொரு கட்டமும் தனித் திட்டமாகவே கருதப்படும். ஒவ்வொன்றையும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டத்தின் 3ஆம் பிரிவே விளக்குகிறது. பதிவு பெறுவதற்கு முன் விளம்பரம் செய்வதும், முன்பதிவு வாங்குவதும், விற்பதும் தடை செய்யப்பட்டவை. விண்ணப்பித்திருக்கிறோம், அடுத்த மாதம் எண் வந்துவிடும் என்று சொல்வது பதிவு ஆகாது. ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் திட்டத்தின் பக்கத்தைத் திறந்து, உங்கள் பிளாக்கின் பெயர், தளங்களின் எண்ணிக்கை, சர்வே எண், பதிவு எந்த நாள் வரை செல்லும் என்ற விவரம், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் ஆகியவற்றைக் கையேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டுநர் மூன்று மாதத்திற்கு ஒரு முறை கட்டுமான முன்னேற்றத்தையும் அங்கே பதிவேற்ற வேண்டும்; அது நின்று போயிருந்தால் ஏன் என்று கேளுங்கள். உங்களை அழைத்துச் செல்லும் தரகரும் ஆணையத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். நிலம் கட்டுநருடையதா, நில உரிமையாளரோடு சேர்ந்து செய்யும் ஜாயின்ட் வென்ச்சரா என்பதையும், அப்படியானால் உங்களுக்குத் தரும் வீடு கட்டுநரின் பங்கில் வருகிறதா உரிமையாளரின் பங்கில் வருகிறதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

என் சித்தப்பா பல ஆண்டுகள் பத்திர எழுத்தராக இருந்தவர். விஷயம் தெரிந்து வந்தவர், என் ரசீதுகளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் காசெல்லாம் எந்தக் கணக்குக்குப் போயிருக்குன்னு பாத்தியாம்மா?" என்று கேட்டார். நான் கொடுத்த காசோலைகள் எல்லாமே நிறுவனத்தின் பொதுவான நடப்புக் கணக்கில் போடப்பட்டிருந்தன. பதிவு பெற்ற திட்டத்தில் வாங்குவோரிடமிருந்து பெறும் தொகையில் 70 விழுக்காட்டை அந்தத் திட்டத்திற்கென்றே வைத்திருக்கும் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்பதும், பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் ஆகியோர் சான்றளித்த பிறகே வேலை முடிந்த அளவிற்கேற்ப அதிலிருந்து எடுக்க முடியும் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சி பிளாக்கிற்குப் பதிவே இல்லாததால் அப்படி ஒரு கணக்கும் இல்லை. என் அம்மாவின் வைப்புத் தொகையும் என் நகைப் பணமும் அந்த நிறுவனத்தின் எந்தக் கடனை அடைக்கப் போயின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தனிக் கணக்கைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான நிம்மதி இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் இருக்கும் பணம் நமக்காகப் பூட்டி வைக்கப்பட்ட பணம் அல்ல. கட்டுமானச் செலவிற்கும் நிலத்தின் விலைக்கும் கட்டுநர் அதிலிருந்து எடுக்கலாம். மீதி 30 விழுக்காட்டிற்கு அந்தக் கட்டுப்பாடே கிடையாது. எனவே நாம் கேட்டவுடன் எடுத்துத் தர அங்கே பணம் இருக்கும் என்று எண்ணக் கூடாது. அது நம் பணம் வேறொரு திட்டத்திற்குத் திருப்பிவிடப்படுவதைத் தடுக்கும் கரை, அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் கரை இருக்கிற இடத்தில் பணத்தைப் போடுவதும் இல்லாத இடத்தில் போடுவதும் ஒன்றல்ல. காசோலை எழுதுவதற்கு முன், ஆணையத்திடம் தெரிவிக்கப்பட்ட திட்டக் கணக்கின் பெயரையும் எண்ணையும் நிறுவனத்தின் கடிதத் தாளில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பெயரில் மட்டுமே காசோலை எழுதுங்கள். ரொக்கமாகக் கொஞ்சம் கொடுத்தால் விலையைக் குறைப்பதாகச் சொன்னால், அந்தக் குறைப்பு வேண்டாம் என்று எழுந்துவிடுவது நல்லது. நான் எல்லாவற்றையும் காசோலையாகக் கொடுத்திருந்ததால்தான் பிறகு ஒவ்வொரு ரூபாயையும் நிரூபிக்க முடிந்தது.

வங்கி மறுத்த பிறகு, விற்பனை ஒப்பந்தத்தின் வரைவு ஒருவழியாக வந்தது. ஒப்பந்தம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு விதிகளில் ஒரு மாதிரிப் படிவம் உண்டு. எனக்கு வந்தது அதிலிருந்து வெகு தூரம் விலகியிருந்தது. நான் தவணை கட்டத் தாமதித்தால் 18 விழுக்காடு வட்டி. அவர்கள் வீட்டைத் தரத் தாமதித்தால் சதுர அடிக்கு மாதம் சில ரூபாய். சட்டப்படி இரு தரப்பிற்கும் ஒரே வட்டி விகிதம்தான். தமிழ்நாட்டு விதிகளின்படி அது பாரத ஸ்டேட் வங்கி கடன்களுக்கு அடிப்படையாக வைத்திருக்கும் எம்.சி.எல்.ஆர். வட்டியின் உயர்ந்தபட்ச விகிதத்தோடு 2 விழுக்காடு சேர்ந்தது. தவிர்க்க முடியாத சூழ்நிலை என்று சட்டம் போரையும், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் போன்ற பேரிடர்களையுமே சொல்கிறது. என் வரைவில் ஆள் பற்றாக்குறையும் சிமெண்ட் விலையேற்றமும்கூட அந்தப் பட்டியலில் இருந்தன. நிலத்தின் உரிமையில் குறையிருந்தால் என்ன செய்வார்கள் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வங்கிக் கடன் கிடைக்கவில்லை என்றால் அது முழுக்க முழுக்க வாங்குபவரின் பொறுப்பு என்று மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. நான் கையெழுத்திடவில்லை.

2023 செப்டம்பரில், முன்பதிவை ரத்து செய்து முழுத் தொகையையும் திருப்பித் தருமாறு எழுதினேன். மொத்த விலையில் 10 விழுக்காடான 6,80,000 ரூபாயையும் அலுவலகச் செலவாக 50,000 ரூபாயையும் பிடித்துக்கொண்டு, மீதி 6,30,000 ரூபாயை அந்த வீட்டிற்கு வேறொருவர் கிடைத்த பிறகு ஆறு தவணைகளில் தருவதாகப் பதில் வந்தது. ஜி.எஸ்.டி. திரும்பாது என்றும் எழுதியிருந்தார்கள். ஒதுக்கீட்டுக் கடிதத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்த நிபந்தனை ஒன்றை இதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள். அந்த மாதங்கள் எப்படிக் கழிந்தன என்பதை மறைக்காமல் சொல்கிறேன். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே மனம் அந்தக் கணக்கிற்குப் போய்விடும். கணவரிடம் தொலைபேசியில் முழுவதும் சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாரோ என்று பயந்தேன். மாமியார் நகைகளைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, அதுவே எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. கட்டுநரின் அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் வேறொருவரைப் பார்க்கச் சொல்வார்கள். முன்பு மேடம், மேடம் என்று அழைத்தவர்கள் தலை நிமிர்ந்து பார்க்காமல் பேசினார்கள்.

தொலைபேசிப் பேச்சை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் எழுத்திற்கு மாற்றியதுதான் எனக்கு உதவிய முதல் காரியம். யாராவது வாய்மொழியாக ஒன்றைச் சொன்னால், இன்று தாங்கள் என்னிடம் கூறியது இது என்று அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுவேன். ரத்துக் கடிதத்தையும் நினைவூட்டலையும் ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சலில் அனுப்பினேன். கையேட்டையும், விற்பனை மேலாளர் சி பிளாக்கிற்கும் அதே ரெரா எண்தான் என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் பத்திரப்படுத்தினேன். சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படித்தபோதுதான் அந்தக் கையேட்டின் மதிப்பு புரிந்தது. விளம்பரத்திலோ திட்ட விளக்கத்திலோ உள்ள தவறான தகவலை நம்பி முன்பணம் கொடுத்து அதனால் இழப்பு அடைந்தவர் விலக விரும்பினால், முழுத் தொகையையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. தாமதத்திற்காகப் பணம் கேட்பவர்கள் பெரும்பாலும் 18ஆம் பிரிவைச் சொல்வார்கள். அது விற்பனை ஒப்பந்தம் உள்ளவர்களுக்கு வலுவான பிரிவு, அதன் கீழ் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை நிபந்தனையற்றது என்று உச்ச நீதிமன்றமும் 2021 நவம்பரில் நியூடெக் என்ற கட்டுநர் நிறுவனத்தின் வழக்கில் சொல்லியிருக்கிறது. என்னைப் போல ஒப்பந்தமே போடாமல் முன்பணம் மட்டும் கொடுத்தவர்களுக்கு 12, 13ஆம் பிரிவுகளே கைகொடுப்பவை.

ஆணையத்தில் புகார் கொடுப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன, முதலில் எனக்கு இது குழப்பமாக இருந்தது. பணத்தைத் திரும்பப் பெறவும் வட்டிக்கும் ஆணையத்திடம் 'எம்' (M) படிவம் கொடுக்க வேண்டும். மன உளைச்சல், வாடகை போன்ற இழப்பீட்டிற்குத் தீர்ப்பு அலுவலரிடம் 'என்' (N) படிவம் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் கலந்து எழுதினால் திருப்பி அனுப்பப்பட்டு நாள் வீணாகும். வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதிடலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது. மனுவை நானே எழுதினேன். எதிர்த்தரப்பு பதிலுரை போட்ட பிறகு வழக்கறிஞர் ஒருவரை வைத்துக்கொண்டேன். தேதி வாரியாக ஒரு பக்கக் கால வரிசையும், ரசீது எண்களோடும் வங்கி அறிக்கையோடும் கூடிய கட்டண அட்டவணையும் முதல் இரண்டு பக்கங்களில் வைத்தது விசாரணையில் மிகவும் உதவியது என்று அவரே சொன்னார். 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருந்தாலும், என் மனுவில் உத்தரவு வருவதற்கு ஓராண்டு ஆயிற்று. 2024ஆம் ஆண்டின் இறுதியில், முழுத் தொகையையும் வட்டியோடு 90 நாட்களுக்குள் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது.

உத்தரவு வந்தால் பணம் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். 90 நாட்களும் கழிந்தன, ஒன்றும் வரவில்லை. சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி அந்தத் தொகையை நிலவரி பாக்கியைப் போல மாவட்ட ஆட்சியர் மூலம் வசூலிக்க முடியும். அதற்கு மீண்டும் ஆணையத்தில் நிறைவேற்று மனு போட வேண்டும். போட்டேன். கட்டுநர் மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொல்லிப் பார்த்தார். ஆனால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திற்குக் கட்டுநர் போகும்போது, வாங்கியவருக்குத் தர வேண்டிய தொகை முழுவதையும் வட்டியோடு முன்கூட்டியே கட்டினால்தான் மனுவையே எடுத்துக்கொள்வார்கள் என்று 43ஆம் பிரிவு சொல்கிறது. இந்த ஒரு விதியினால்தான் அவர்கள் இறங்கி வந்தார்கள் என்பது என் கணிப்பு. அசல் முழுவதையும் தருவதாகவும், வட்டியைக் குறைத்துக்கொள்ளுமாறும் கேட்டார்கள். உத்தரவின்படி வட்டி ஏறத்தாழ 3 லட்சம் வந்திருக்கும். 1,75,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டேன். நின்று முழு வட்டியையும் வாங்கியிருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. நகைக் கடனின் வட்டி மாதாமாதம் ஓடிக்கொண்டிருந்தது, ஆட்சியர் அலுவலகத்து வசூல் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. என் நிலையில் அதுவே சரியான முடிவு என்று இப்போதும் நினைக்கிறேன்.

சமரசம் பேசும்போது கவனிக்க வேண்டியவை சில. பிந்தைய தேதியிட்ட காசோலைகளைக் கொடுத்துவிட்டு, எல்லாம் தீர்ந்தது என்று கையெழுத்துக் கேட்டார்கள். பணம் என் கணக்கில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்து என்று சொல்லிவிட்டேன். வங்கியில் உட்கார்ந்து ஆர்.டி.ஜி.எஸ். என்ற வங்கிவழிப் பணமாற்றம் வந்த பிறகுதான் தாளில் பேனாவை வைத்தேன். அசல் என்று அவர்கள் காட்டிய தொகை 13,46,400 ரூபாய், டி.டி.எஸ். 13,600 ரூபாயை விட்டுவிட்டிருந்தார்கள். அந்த வரி அவர்கள் பெயரில்தான் வரவாகியிருக்கிறது, அதன் பயனை அவர்களே அடைவார்கள், எனவே 13,60,000 ரூபாயும் வர வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ரத்து செய்ததற்கு நிறுவனத்தின் கையெழுத்தும் தேதியும் உள்ள கடிதம் ஒன்றையும் வாங்கினேன். அது ஜி.எஸ்.டி.க்காக. ஒப்பந்தம் ரத்தாகும்போது கட்டுநர் வரவுக் குறிப்பு (கிரெடிட் நோட்) போட்டு வரியைத் திருப்புவதற்குரிய காலம் கடந்துவிட்டிருந்தால், ஜி.எஸ்.டி.யில் பதிவு பெறாத வாங்குபவரே அந்த வரியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று 2022 டிசம்பரில் மத்திய மறைமுக வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பான் எண்ணைக் கொண்டு ஜி.எஸ்.டி. இணையதளத்தில் தற்காலிகப் பதிவு எடுத்து, ரத்துக் கடிதத்தின் தேதியிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். திரும்பாது என்று அவர்கள் எழுதிய 68,000 ரூபாய் இந்த வழியில்தான் எனக்குத் திரும்ப வந்தது.

நகைக் கடனுக்கு நான் கட்டிய வட்டி ஒரு லட்சத்தை நெருங்கியது. வழக்கறிஞர் கட்டணம், நகல்கள், சான்றுகள் என்று 70,000 ரூபாய். அம்மாவின் வைப்புத் தொகைக்கு வந்திருக்க வேண்டிய வட்டி போயிற்று. கிடைத்த 1,75,000 ரூபாய் இவற்றையே முழுமையாக ஈடுகட்டவில்லை. இதற்கிடையில் அதே பகுதியில் அதே அளவு வீட்டின் விலை 10 லட்சம் ஏறிவிட்டது. மகள் பத்தாம் வகுப்பையும் வாடகை வீட்டிலிருந்தே எழுதினாள்.

சென்னையில் இன்னொரு வகை வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ கட்டும் திட்டங்களுக்கு ஆணையத்தில் பதிவு கட்டாயமில்லை. இரண்டு கிரவுண்டு என்பது 4,800 சதுர அடி, ஏறத்தாழ 446 சதுர மீட்டர். நங்கநல்லூரிலும் மடிப்பாக்கத்திலும் பழைய வீட்டை இடித்து இரண்டு கிரவுண்டில் கட்டும் அடுக்கு வீடுகள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் வந்துவிடும். அங்கே பதிவு எண்ணும் இருக்காது, தனிக் கணக்கும் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் முன்பணத்தை இயன்ற அளவு சிறியதாக வைத்து, விற்பனை ஒப்பந்தத்தை முதலிலேயே பதிவு செய்து, அடித்தளம், ஒவ்வொரு தளத்தின் கான்கிரீட், செங்கல் வேலை, பூச்சு வேலை என்று முடிந்த வேலைக்கே பணம் என்ற முறையில் கட்டுங்கள். தகராறு வந்தால் நுகர்வோர் ஆணையம் உண்டு. கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம்.

பணம் திரும்பிய பிறகு மீண்டும் வீடு பார்க்கத் தொடங்கினோம். இப்போது டோக்கன் கொடுப்பதற்கு முன் ஒரு கடிதத்தை நானே எழுதிக்கொண்டு போய்க் கட்டுநரின் கையெழுத்தைக் கேட்கிறேன். வேண்டுபவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: "இன்ன பிளாக், இன்ன எண் வீட்டிற்கு முன்பணமாக இன்ன தொகை, இன்ன ரெரா பதிவு எண் கொண்ட திட்டத்தின் இன்ன வங்கிக் கணக்கில் பெறப்பட்டது. இந்த வீடு மேற்படி பதிவில் அடங்கும். விற்பனை ஒப்பந்தம் 45 நாட்களுக்குள் பதிவு செய்யப்படும். நிலத்தின் உரிமை, அனுமதி, பதிவு ஆகியவற்றில் உள்ள குறையால் வங்கி கடன் தர மறுத்தாலோ, மேற்படி காலத்திற்குள் ஒப்பந்தம் பதிவாகாவிட்டாலோ, பெற்ற தொகை முழுவதும் பிடித்தம் ஏதுமின்றி 30 நாட்களுக்குள் திருப்பித் தரப்படும். ஒதுக்கீட்டுக் கடிதத்தில் உள்ள எந்த நிபந்தனையும் இதற்கு மாறாகச் செல்லாது." இதைப் படித்துவிட்டு, தங்கள் நிறுவனத்தில் இப்படிக் கையெழுத்திடும் வழக்கமில்லை என்று ஒருவர் சொன்னார், அவரிடம் பேச்சை முடித்துக்கொண்டேன். ஐயப்பன்தாங்கலில் ஒரு கட்டுநர் 30 நாட்களை 45 ஆக மாற்றிக் கேட்டுக் கையெழுத்திட்டார். அங்கே 10 விழுக்காட்டிற்குள் முன்பணம் கொடுத்திருக்கிறேன். தாய்ப்பத்திரத்தின் நகல் வங்கி வழக்கறிஞரிடம் இருக்கிறது, அவருடைய கருத்துரை வந்த பிறகு ஒப்பந்தப் பதிவிற்குத் தேதி குறிக்க வேண்டும்.